குரங்குக்கு நான் வரைந்த சிரிப்பு

என் மேசையில் ஒரு சின்ன முகக்கண்ணாடி எப்போதும் நிற்கும். பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் எழுதி வரைவது என் பிழைப்பு. புலியோ கரடியோ குரங்கோ, எதை வரைந்தாலும் முகபாவத்துக்கு நான் அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பேன். கோபக்காரக் கரடி வேண்டுமென்றால் முறைப்பேன். சிரிக்கிற புலி வேண்டுமென்றால் ஈ என்று பல்லைக் காட்டுவேன். அதை அப்படியே தாளில் இறக்கிவிடுவேன். ஒருநாள் என் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, காட்டுல உள்ள எல்லாத்துக்கும் உன் பல்லு?" என்றார். உண்மைதான். என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பிரிக்பீல்ட்ஸில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதற்காக நிறையக் கேலி வாங்கியிருக்கிறேன். என் புலிக்கும் அந்த இடைவெளி இருந்தது. நான் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

என் கதைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை தனியாக இருக்கும். காட்டிலிருந்து ஒரு மிருகம் வழிதவறி வரும். முதலில் இரண்டும் பயப்படும். அப்புறம் தின்ன எதையாவது பகிர்ந்துகொள்ளும். கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும். புலியோடு இப்படி ஒரு புத்தகம், தேன்கரடியோடு ஒன்று, யானைக்குட்டியோடு ஒன்று. தமிழ்ப்பள்ளி நூலகங்களில் அவை கிழிந்து, ஒட்டப்பட்டு, மறுபடி கிழிந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. அதை மறைப்பானேன்?

இவற்றுக்கெல்லாம் முதல் வாசகி என் மகள். ஏழு வயது, ஒன்றாம் ஆண்டு. நாங்கள் இருப்பது கிள்ளானில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றின் கடைசி வரிசை வீட்டில். வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடையை லோங்காங் என்போம். அதில் ஓர் உடும்பு குடியிருந்தது. என் மகள் அதை "அங்கிள்" என்று கூப்பிடுவாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அங்கிள், போய்ட்டு வரேன்!" என்று கம்பிவேலி வழியாகக் கத்துவாள். உலகத்தில் உள்ள எல்லா உயிரும் தன்னோடு பேசக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது அவள் நினைப்பு. அந்த நினைப்பை அவளுக்கு ஊட்டி வளர்த்தவள் நான்.

குரங்குக் கதையைப் போன வருடம் வரைந்தேன். ஒரு சிறுமி பத்துமலையில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது, படியோரம் ஒரு குரங்கு தனியாக உட்கார்ந்திருக்கும். பிரசாதத்தில் இருந்த வாழைப்பழத்தை நீட்டுவாள். குரங்கு ஈ என்று சிரிக்கும். அவளும் ஈ என்று சிரிப்பாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். அந்த இரண்டு சிரிப்பையும் எதிரெதிர்ப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தேன். புத்தகத்திலேயே அழகான இடம் அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிப் பழகுவாள்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பத்துமலைக்குப் போனோம். அர்ச்சனை முடிந்து, அந்த வண்ண வண்ணப் படிகளில் இறங்கினோம். தேங்காய்மூடியும் பழமும் இருந்த பை கணவரிடம் இருந்தது. மகள் அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஏன் தடுப்பேன்? குரங்குக்குப் பழம் கொடுப்பதை எங்கள் ஆட்கள் தீனி போடுவதாகவே நினைப்பதில்லை. அது ஆஞ்சநேயர். பழத்தை நீட்டிவிட்டு, அந்தக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். என் அம்மா அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான். வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை சொல்லும். அது சுற்றுப்பயணிகளுக்கு எழுதியது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு தாண்டிப் போவோம்.

படியின் ஓரத்தில் கம்பி மூலையில் ஒரு சின்னக் குரங்கு இருந்தது. மகள் பழத்தை நீட்டினாள். அது பழத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு உதட்டை இழுத்து இரண்டு வரிசைப் பல்லையும் காட்டியது.

"அம்மா, சிரிக்குது!" என்று கத்திக்கொண்டு அவள் இன்னும் ஒரு படி கிட்டப் போனாள். ஈ என்று தானும் சிரித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. என் புத்தகம் உயிரோடு எழுந்து என் முன்னால் நிற்கிறது என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

அடுத்த நொடி அவள் அலறினாள். கீழே பூ விற்றுக்கொண்டிருந்த பெண், "அக்கா! பிள்ளைய இழுங்க அக்கா!" என்று கூச்சல் போட்டார். கணவர் பாய்ந்து தூக்கினார். குரங்கு அவர் காலிடுக்கில் புகுந்து ஓடியே போய்விட்டது. பழம் படியில் கிடந்தது, அது தொடக்கூட இல்லை. மகளின் வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்டியது.

கிளினிக்கில் இருந்த டாக்டர் ஓர் இளம் தமிழ்ப்பெண். குழாயடியில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார். மகளின் அழுகையை மாற்றப் பேச்சுக் கொடுத்தார். "கடிக்கிறதுக்கு முன்னாடி அது என்னா பண்ணுச்சு?"

"சிரிச்சுச்சு," என்றாள் மகள், விக்கிக்கொண்டே.

"பல்ல காட்டுச்சா? அது சிரிப்பு இல்லம்மா. பயம். பயந்தா அப்படித்தான் பல்ல காட்டும். போக எடமும் இல்லன்னா கடிக்கும்."

மகள் அழுகையை நிறுத்தினாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா புக்குல சிரிக்குதே," என்றாள்.

டாக்டருக்கு விஷயம் புரியவில்லை, ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஒரு ஊசி, அப்புறம் நாள் குறித்துக் குறித்து இன்னும் சில ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் அவள் கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் தன் அலமாரியில் இருந்த படக்கதைப் புத்தகங்களை எல்லாம் எடுத்து, அரிசிப் பையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். என்னுடையது மட்டுமில்லை, மிருகம் உள்ள எல்லாமே உள்ளே போயின. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்மா உள்ள தள்ளுற?"

"நீ பொய்யா வரைஞ்ச," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதன் பிறகு அவள் பின்வாசல் பக்கமே போகவில்லை. உடும்பு வேலியோரம் வெயில் காய்ந்தால் கதவைச் சாத்தச் சொல்வாள். பூனை குறுக்கே வந்தால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் எதைச் சொன்னாலும், "நிஜமாவா?" என்று அப்பாவிடம் போய்க் கேட்க ஆரம்பித்தாள். அம்மா மழை வரும் என்றால் அப்பாவிடம் போய் உறுதி செய்வாள். அம்மா நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றால் அப்பா ஆமாம் என்று சொல்ல வேண்டும். கை ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது ஆறுமா என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

பதிப்பாளரைப் போனில் கூப்பிட்டு, அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். "பிள்ளைங்களுக்குச் சிரிக்கிற கொரங்குதான் லா பிடிக்கும். பல்ல மூடிட்டு இருந்தா யாரு வாங்குவா?" எனக்கு வந்ததே ஆத்திரம்! "அப்ப உங்க பிள்ளைய கூட்டிட்டுப் போய் சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்," என்று கத்திவிட்டு வைத்தேன். அவரை ஏசி என்ன பிரயோசனம்? பன்னிரண்டு வருடமாக மிருகம் வரைகிறேன், ஒரு மிருகத்தையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா? பிற புத்தகங்களைப் பார்த்தேன், கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன், அவ்வளவுதான். என் காட்டில் மிருகமே இல்லை. நாற்பது வேஷத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர்தான் ஒருநாள் சோறு தின்னும்போது சொன்னார். "எங்க லோரி நிக்கிற எடத்துக்குப் பின்னால சதுப்புக் காடு இருக்கில்ல, தண்ணி வத்துற நேரத்துல கொரங்குங்க சேத்துல எறங்கி நண்டு பிடிக்கும். பாக்கணும்னா போய்ப் பாரு. கார விட்டு எறங்கிறாத, ஒண்ணும் குடுத்துறாத."

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கே போனேன். முதல் நாள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலையாத்தி மரங்களுக்குக் கீழே கறுப்புச் சேறு. ஒன்றும் இல்லை என்று கிளம்ப இருந்தபோது மரங்கள் அசைந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, எண்ணிக்கொண்டே வந்து இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். அவ்வளவும் சத்தமில்லாமல் இறங்கி வந்தன.

ஐயோ, நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! ஒரு கிழட்டுக் குரங்கு சேற்றில் கையை முழங்கை வரை விட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு துழாவியது. நாம் பைக்குள் சாவி தேடுவோமே, அதே முகம். நண்டு வந்தது. வேரில் நாலு தட்டுத் தட்டி, கொடுக்கை முதலில் ஒடித்துப் போட்டுவிட்டு, பக்குவமாகப் பிளந்து தின்றது. இன்னொன்று வாய்க்காலில் குதித்து முங்கி, எதிர்க்கரையில் எழுந்து உடம்பை உதறியது. குரங்கு நீந்தும் என்று எனக்குத் தெரியாது. பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் கறுப்பாக இருக்கும் என்று தெரியாது. அவற்றின் காது வழியே வெயில் சிவப்பாகத் தெரியும் என்று தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனையும் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில், லோரிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வாரக்கணக்கில் போனேன். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சின்னது பெரியதைத் தாண்டிப் போகும்போது பல்லைக் காட்டும், டாக்டர் சொன்ன அதே பயம். பெரிய ஆண்குரங்கு கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் மற்றவை மெல்ல நகர்ந்து இடம் விடும். சிநேகிதமாக இருக்க நினைத்தால் பல் வெளியே தெரியாது. உதட்டைச் சப்பிச் சப்பிக் காட்டிக்கொண்டு, ஓரமாகப் பார்த்துக்கொண்டு கிட்டப் போகும். ஒன்றை ஒன்று நேராக முறைக்காது. கிட்ட உட்கார விரும்புகிறவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு பெரிய மரியாதை! என் புத்தகத்தில் எல்லா மிருகமும் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்து ஈ என்று இளிக்கும். இங்கே என்னை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அப்படி இருந்தது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

வரைந்த தாள்களை மேசையில் வைத்திருந்தேன். மகளிடம் காட்டவில்லை. அவளாகவே ஒருநாள் வந்து நின்றாள். நண்டு தின்னும் படத்தை விரலால் தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"இது நிஜமாவே பண்ணுச்சா?"

"பண்ணுச்சு. நான் பாத்தேன்."

அவள் அப்பாவைத் தேடிப் போனாள். "நான் பாக்கலம்மா, உங்கம்மாதான் பாத்தா. அவளத்தான் கேக்கணும்," என்றார் அவர். நல்ல மனுஷன். அவள் திரும்பி என்னிடம் வந்து, தானும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைப் பூட்ட வேண்டும், அப்பாவும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை மூவரும் போனோம். கணவர் ஓட்டுநர் இருக்கையில், நானும் மகளும் பின்னால். தண்ணீர் வற்றியிருந்தது. கூட்டம் இறங்கி வந்ததும் மகள் என் மடிப்பக்கம் ஒண்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அடிப்பது என் கையில் தெரிந்தது. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது ஒரு தாய்க்குரங்கு கையில் நண்டோடு மேலே ஏறி வந்தது. எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுக் குழாய் கிடந்தது, அதன்மேல் வந்து உட்கார்ந்தது. வயிற்றில் கறுப்புக் குட்டி. எனக்கே இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. மகள் மெல்ல நிமிர்ந்தாள். தன்னை மறந்து கண்ணாடியில் மூக்கை வைத்தாள். குட்டியின் விரல்களைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, அவள் முகம் மலர்ந்து பல் தெரிந்தது. எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை!

தாய்க்குரங்கு நிமிர்ந்தது. நண்டு பிடித்த கை அப்படியே நின்றது. குட்டியை இறுக்கிக்கொண்டு, உதட்டை இழுத்து இரண்டு வரிசைப் பல்லையும் காட்டியது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகளின் கண்ணைப் பொத்தக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா, அது என்னப் பாத்துப் பயப்படுது."

"ஆமாம்மா."

கணவர் காரைக் கிளப்பச் சாவியில் கை வைத்தார். "வேணாம்ப்பா, சத்தம் கேட்டா இன்னும் பயந்துரும்," என்றாள். பிறகு என்னிடம், மிக மெதுவாக, "அன்னைக்கும் அது இப்படித்தான் பயந்துச்சா?" என்றாள்.

"ஆமா. அதுக்குப் பின்னால கம்பி, போக வழி இல்ல. நீ கிட்ட போன. என் படத்த நம்பித்தான் நீ போன. அது என் தப்பும்மா. உன் தப்பும் இல்ல, அது தப்பும் இல்ல. நான் பாக்காமலே வரைஞ்சுட்டேன்."

இதை அவளிடம் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. அவள் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தாள். வாயை மூடினாள். உதடு இரண்டையும் உள்ளே மடித்துக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லிக் கொடுக்காமல், தலையை மெல்ல மெல்லத் திருப்பி, லோரிகள் நிற்கிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தாள். உலகத்தில் எதைப் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டாளோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, என் பிள்ளை அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாள்.

"சாப்பிடுதா?" என்று கிசுகிசுத்தாள்.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். "இன்னும் இல்ல."

வெகுநேரம் போனது. தாய்க்குரங்கின் உதடு மெதுவாக இறங்கிப் பல்லை மூடியது. அது கார்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நண்டின் காலை ஒடித்தது.

"இப்ப சாப்பிடுது. நீ திரும்பிப் பாக்கறியா?"

"வேணாம். நீ பாத்துச் சொல்லு."

சொன்னேன். ஓட்டைக் கழற்றுகிறது என்றேன். விரலை நக்குகிறது என்றேன். குட்டி எட்டி, அம்மாவின் வாயிலிருந்தே ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டது என்றேன். லோரிகளைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் அவள் ம் கொட்டினாள். முன்னால் அவள் அப்பா இருந்தார். நிஜமாவா என்று அவரிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.